பச்சைப் புள்ளிக்கு வார விடுமுறை

“என் வீட்டுக்காரர் தினமும் சாயந்திரம் வந்துட்டுப் போறார்” என்றாள் அந்தப் பெண்.

நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த எடுபிடி ஆள் ஒட்டடைக்கு வாய் சும்மா இருக்காது. “நல்ல மனுஷன்தானேம்மா. வர்றதே இல்லன்னுதான் இங்க எல்லாரும் வருவாங்க.”

“அவர் கடல்ல போய் மூணு மாசம் ஆச்சுங்க.”

ஒட்டடையின் கையிலிருந்த துணி அப்படியே நின்றது. கீழே மாவு மில் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும்போது மாடியிலுள்ள இந்த அறையின் தரை, காய்ச்சல்காரன் உடம்புபோல் நடுங்கிக்கொண்டே இருக்கும். இன்று அந்த நடுக்கம் தரையிலிருந்து கிளம்பித் தன் முழங்கால்வரை ஏறுவதாக அவனுக்குப் பட்டது.

மேஜைக்குப் பின்னால் இருந்தவள் மட்டும் அசையவில்லை. அவளை எல்லாரும் இன்சூரன்ஸ் அக்கா என்பார்கள். செத்தவன் நிஜமாகவே செத்தானா, எரிந்த கடை தானாகத்தான் எரிந்ததா என்று ஒரு காப்பீட்டுக் கம்பெனிக்காகப் பாதி ஆயுசு மோப்பம் பிடித்தவள். இப்போது அதே மூக்கை வைத்துச் சொந்தமாகத் துப்பறியும் கடை போட்டிருக்கிறாள். கிடங்கில் மூட்டை தூக்கி இடுப்பை விட்ட ஒட்டடைக்கு வேலை கொடுத்ததும் அவள்தான். பரணில் இருப்பதை ஏணி இல்லாமல் எடுக்கிற உயரம், காற்றடித்தால் சாய்கிற உடம்பு. ஒட்டடைக்குச்சி என்று யாரோ வைத்த பேர், குச்சி தேய்ந்து ஒட்டடை மட்டும் மிஞ்சியது.

“எப்படி வர்றார்?” என்று கேட்டாள் அக்கா. பேயைப் பற்றிக் கேட்கிற குரல் அல்ல. பஸ்ஸிலா ரயிலிலா என்று கேட்கிற குரல்.

அந்தப் பெண் தன் செல்போனை மேஜைமேல் வைத்தாள். சீருடை தைக்கும் கம்பெனியில் தையல்காரி. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய பொட்டுகள். திரையில் ஒரு ஆணின் முகம், எண்ணெய்க் கறை படிந்த சட்டை, வாய்கொள்ளாத சிரிப்பு.

“இது அவரோட அக்கவுண்ட். சாயந்திரமானா பேருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியும். உள்ள இருக்கார்னு அர்த்தம். கொஞ்ச நேரத்துல அணைஞ்சுடும்.”

மீதியைக் கேள்வி கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. புருஷன் துறைமுகத்தில் இழுவைப்படகு மெக்கானிக், மாமனாருக்குக் கடைத்தெருவில் ஒரு சின்னக் கடை. புயலன்று இன்னொரு படகை இழுத்துவரப் போனது அவருடைய படகு. கவிழ்ந்த அவர் படகு கிடைத்தது, கூடப் போனவர்களின் உடல்களும் கரை ஒதுங்கின. இவர் மட்டும் கிடைக்கவில்லை. நாளை மறுநாள் காலை துறைமுக ஆபீசில் ஒரு காகிதத்தில் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவர் செத்தவர்.

“எல்லாரும் போடுன்னு சொல்றாங்க. உயிரோட வந்துட்டுப் போறவரை நான் எப்படிக் கொல்றது?”

“பாஸ்வேர்டு?”

“எனக்குத் தெரியும். தெரிஞ்சுது. அவருக்கு இதெல்லாம் வராது, படம் போடறது எல்லாம் நான்தான். அவர் போன ஒரு வாரத்துல திடீர்னு என்னை வெளிய தள்ளிடுச்சு. பாஸ்வேர்டு மாத்தப்பட்டதுன்னு வந்தது. மறந்துட்டேன்னு போட்டுப் பாத்தேன். ஓடிபி வேற ஒரு நம்பருக்குப் போகுது. கடைசி ரெண்டு எண் மட்டும் காட்டுது. பூஜ்யம், ஆறு. அது அவர் நம்பர் இல்ல. எனக்குத் தெரிஞ்ச யாரோட நம்பரும் இல்ல.”

ஒட்டடை தொண்டையைச் செருமினான். “தங்கச்சி, தப்பா எடுத்துக்காதே. வேற நம்பர்னா... வேற வீடுன்னும் இருக்கலாமில்ல?”

அக்கா அவனை முறைத்தாள். தையல்காரி முறைக்கவில்லை.

“இருக்கட்டும் அண்ணே. எவகூடவாவது இருக்கட்டும். உயிரோட இருந்தா போதும்.”

ஒட்டடை மறுபடி நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்தான்.

அன்று சாயந்திரமே இருவரும் அவள் வீட்டுக்குப் போனார்கள். ஒரே அறை. பாதியில் அடுப்பு, மீதியில் தையல் மெஷின். ஆணியில் அவருடைய சட்டை. துவைத்துத் தேய்த்திருந்தாலும் டீசல் வாசனை போகவில்லை, அல்லது அவள் போகவிடவில்லை.

தையல்காரி முகம் கழுவினாள். தலை வாரினாள். வேறு ரவிக்கை மாற்றிக்கொண்டு வந்து, செல்போனைத் தண்ணீர்ச் செம்பின்மேல் சாய்த்துவைத்து எதிரே உட்கார்ந்தாள். வேலைக்குப் போன புருஷன் திரும்புகிற நேரத்துக்குத் தயாராகிறவள் எப்படித் தயாராவாளோ, அப்படி. ஒட்டடைக்கு முதுகுத்தண்டில் ஒரு எறும்பு ஊர்ந்தது. மூட்டை தூக்கிய காலத்தில் பிணத்தையும் தூக்கியவன் அவன். அதெல்லாம் வெறும் எடை. இது அப்படியில்லை.

வெளியே தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் விழித்தன.

பேருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

“வந்துட்டீங்களா” என்றாள் தையல்காரி, மெதுவாக.

ஒட்டடை தன்னையறியாமல் வாசல்பக்கம் திரும்பிப் பார்த்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அங்கே இருட்டுகூடச் சரியாக இல்லை, ஆனாலும் பார்த்தான். தையல்காரி ஏதோ எழுதி அனுப்பினாள். ஒரு செம்புத் தண்ணீரை நிதானமாகக் குடித்து முடிக்கிற நேரம். புள்ளி அணைந்தது.

அக்கா போனை வாங்கி, அவள் இத்தனை நாளாக அனுப்பியிருந்ததையெல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ‘மழை பெய்யுது, குடை இருக்கா?’ ‘மெஷின் பெல்ட் அறுந்துடுச்சு.’ ‘கோபமா?’ ‘பேசுங்க.’ ‘பேசுங்க.’ ‘பேசுங்க.’

“ஒண்ணைக்கூட அவர் படிக்கல” என்றாள் அக்கா.

“ஆமாம். போன அன்னிக்குக் காலைல சண்டை. போய்ட்டு வரேன்னு சொன்னார், நான் திரும்பிப் பாக்கல. அதான் கோபம் தீரல போல.”

“எந்த நாளாவது வராம இருந்திருக்காரா?”

தையல்காரி யோசித்தாள். “வாரத்துல ஒரு நாள் வரமாட்டார். செவ்வாய்க்கிழமை. அப்புறம் ஊரெல்லாம் கடையடைப்பு நடந்துச்சே, அன்னிக்கும் வரல. முதல் மாசத்துல இன்னொரு நாளும் வரல, ஏன்னு தெரியல.”

தெருவில் இறங்கியதும் ஒட்டடைக்குப் பேச்சு திரும்பியது. “அக்கா, வார விடுமுறை எடுக்குது, வேலைநிறுத்தத்துல கலந்துக்குது. இந்தப் பேய் தொழிற்சங்கத்துல இருக்கு.”

“சிரிக்காதே. அதைத்தான் நானும் யோசிக்கறேன். உனக்கு யார் மேல சந்தேகம்?”

“மூணு பேர் மேல. ஒண்ணு, புருஷன் எங்கேயோ உயிரோட இருக்கான். ரெண்டு, எவனோ திருடன் அக்கவுண்ட்டை உடைச்சுட்டான். மூணு...” குரலைத் தாழ்த்தினான். “அதேதான்.”

“திருடன்னா படிப்பான். ஏதாவது தேறுமான்னு பாப்பான். புருஷன்னா படிப்பான். கோபமா இருந்தா ரெண்டு தடவை படிப்பான். பேயா இருந்தா அதுக்கு வேற வேலையே இல்ல, முதல் ஆளா படிச்சிருக்கும். இது தினமும் வருது, கதவைத் திறக்குது, உள்ள போகாமத் திரும்பிடுது. இப்படிச் செய்யறவன் யாருடா?”

“வாட்ச்மேன்” என்றான் ஒட்டடை, விளையாட்டாக.

அக்கா நடுத்தெருவில் நின்றுவிட்டாள். சைக்கிள்காரன் ஒருவன் மணியடித்துத் திட்டிக்கொண்டே விலகிப் போனான்.

“மாடு ஏறி மிதிச்சாலும் சில சமயம் புதையல் கிளம்பிடும்” என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி நடந்தாள். பாராட்டா வசவா என்று புரியாமல் ஒட்டடை பின்னால் போனான்.

மறுநாள் மதியம் செல் ரிப்பேர்க் கடை. காணாமல்போனவனின் சிறுவயது நண்பன் அதை நடத்தினான். அந்த அக்கவுண்ட்டை முதலில் திறந்துகொடுத்ததும் அவன்தான். மேஜை முழுக்கக் குடல் வெளியே தெரிய செல்போன்கள் கிடந்தன. கடைக்குள் நுழையும் முன்பே அக்கா உத்தி சொல்லியிருந்தாள். அவள் கண்ணாடியைக் கழற்றும்போது, தையல்காரியின் புருஷன் பேரைப் போட்டு ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை ஒட்டடை தட்ட வேண்டும். ஓடிபி எங்கே போய் விழுகிறதோ, அங்கே ஒரு போன் கூவும். காட்டில் குயிலைக் கண்ணால் தேடாதே, காதால் தேடு என்றாள்.

“அவன் நல்லவன் அக்கா” என்றான் ரிப்பேர்காரன். கண்ணைப் பார்த்துப் பேசவில்லை. “அவனைப் பத்திப் பேசினாலே எனக்குக் கை ஓடமாட்டேங்குது.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். ஒட்டடை தட்டினான்.

உடனே மேஜையில் ஒரு போன் ‘டிங்’ என்றது.

ஒட்டடை பாய்ந்தான். இடுப்பு வலி, வயசு, மரியாதை எல்லாம் மறந்து பாய்ந்து அந்தப் போனைக் கைப்பற்றினான். “மாட்டினியா தம்பி!”

திரையில், பாதி விலைக்கு மெத்தை விற்கும் கடையின் விளம்பரம்.

“உட்காரு” என்றாள் அக்கா.

“மெத்தைமேலயா அக்கா?” என்று முனகிக்கொண்டே போனைத் திரும்ப வைத்தான். இன்னொரு முறை தட்டினான். எதுவும் கூவவில்லை. பூஜ்யம் ஆறு இங்கே இல்லை.

அக்கா ரிப்பேர்காரனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அக்கவுண்ட் திறந்தப்ப எந்த நம்பரைப் போட்டீங்க?”

“ஐயோ, அது எந்தக் காலம்! அப்ப எங்களுக்கு மீசைகூட முளைக்கல. அவன்கிட்ட போனே கிடையாது. ஏதோ ஒரு நம்பரைப் போட்டோம், எதுன்னு எப்படி ஞாபகம் இருக்கும்?”

வெளியே வந்ததும் ஒட்டடை தலையைச் சொறிந்தான். “மலையைக் கெல்லி மெத்தையைப் பிடிச்சோம்.”

“பிடிச்சாச்சுடா. மீசை முளைக்காத பையன், கையில போன் இல்ல. யார் நம்பரைப் போடுவான்?”

“பக்கத்துல எது இருக்கோ அதை.”

“அவனுக்குப் பக்கத்துல எது இருந்திருக்கும்?” என்று கேட்டுவிட்டு, அவள் பதிலுக்குக் காத்திருக்காமல் தையல் கம்பெனிக்குப் போன் போட்டாள். இன்று சாயந்திரம் கடைத்தெருவுக்கு வரச் சொன்னாள். அந்தப் பக்கம் தையல்காரி மறுத்தது ஒட்டடைக்கே கேட்டது. அவர் வர்ற நேரம், வீட்டில் இருக்கணும் என்றாள்.

“போனைக் கையில வச்சுக்கம்மா. உங்க மாமனார் கடைக்குப் பக்கத்துல நிப்போம்” என்றாள் அக்கா.

மாமனாருக்குப் பூட்டுக்கடை. கடைத்தெருவின் வளைவில், இரண்டு ஆள் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத பெட்டிக்கடை. கம்பியில் சாவிகள் கருவாடு காயப்போட்டதுபோல் வரிசையாகத் தொங்கின. அடையாளம் தெரியாத வீடுகளின் சாவிகள், யாரோ வாங்க வராமல் போனவை. காற்று வரும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிக் கிசுகிசுத்தன. பூட்டுக்காரர் அரத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒவ்வொரு ஷட்டராக இறங்க ஆரம்பித்திருந்தது.

தையல்காரியைக் கடையின் பக்கவாட்டில், பார்வையில் படாமல் நிறுத்தினாள் அக்கா. “நான் கூப்பிடற வரைக்கும் வராதே” என்றாள். ஒட்டடை அவளுக்கும் கடைக்கும் நடுவில் கம்பம்போல் நின்றுகொண்டான். மெலிந்த கம்பம் என்பதால் மறைவுக்கு அவ்வளவாக உதவவில்லை.

“ஐயா, ஒரு யோசனை கேக்கலாமா?” என்று ஆரம்பித்தாள் அக்கா. “எங்க தெருவுல ஒருத்தர் வீட்டைப் பூட்டிட்டுப் போனவர், ஆளைக் காணோம். பூட்டை மாத்திடலாமான்னு கேக்கறாங்க.”

பூட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தொழில் பேச்சு, நாக்கில் தானாக வந்தது. “கூடாதும்மா. காணாமப் போனவன் பூட்டை மாத்தக்கூடாது. திரும்பி வந்தான்னா வாசல்ல நிக்க வேண்டியதாயிடும். அந்தப் பாவம் நமக்கு எதுக்கு?”

“அப்ப எப்ப மாத்தலாம்?”

“செத்தாத்தான். செத்துட்டான்னு தெரிஞ்சா, உடனே மாத்திடணும். அவன் உயிரோட இருக்கறப்ப யார் யாருக்குச் சாவி குடுத்தான்னு நமக்கு எப்படித் தெரியும்? நான் நாப்பது வருஷமா அப்படித்தான் செய்யறேன்.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள்.

ஒட்டடையின் கட்டைவிரல் ஒரு கணம் தயங்கியது. தட்டினால் என்ன ஆகும் என்று அவனுக்கு இப்போதுதான் புரிந்தது. தட்டினான்.

பூட்டுகளுக்கு நடுவிலிருந்து ஒரு போன் கூவியது.

பூட்டுக்காரர் பதறிப்போய் அலமாரியிலிருந்து அதை எடுத்தார். திரைமுழுக்கக் கீறல் விழுந்த பழைய போன். வாடிக்கையாளர்கள் சாவியைப் படமெடுத்து அனுப்புவதற்காகக் கடையிலேயே கிடப்பது. அதன் நம்பர் கடைப் பலகையில் மட்டும்தான் எழுதியிருந்தது. அவர் சொந்தமாகப் பேசுவது இடுப்பில் செருகியிருந்த பொத்தான் போனில். ஒட்டடை அண்ணாந்து பலகையைப் பார்த்தான். பெயிண்ட் உதிர்ந்த கடைசி இரண்டு எண்கள். பூஜ்யம், ஆறு.

“பாருங்கம்மா, மறுபடியும்!” என்றார் பூட்டுக்காரர், திரையை அக்காவிடம் நீட்டி. “எவனோ என் பையன் பூட்டுல சாவி போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கான்.”

“அது நான்தான் மாமா.”

தையல்காரி ஒட்டடையைத் தாண்டி வந்து நின்றாள். கிழவர் அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார். பிறகு உட்கார இடம் தேடினார். அக்கா முக்காலியைத் தள்ளிவைத்தாள்.

“சொல்லுங்கய்யா” என்றாள் அக்கா. அதட்டும் குரல் இல்லை இப்போது. “பூட்டை எப்ப மாத்தினீங்க?”

“படகு கிடைச்ச வாரம்” என்றார் அவர். “எதிர்ல ஜெராக்ஸ் கடைல ஒரு பொண்ணு இருக்கு. அதுதான் ஓடி வந்து காட்டுச்சு, தாத்தா உங்க பையன் புதுசா படம் போட்டிருக்கார்னு. எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. போனவன் எப்படிப் படம் போடுவான்? எவனோ உள்ள பூந்துட்டான்னு நினைச்சேன்.”

“நான் போட்ட படம் அது” என்றாள் தையல்காரி. “எங்க கல்யாணப் படம். எங்க இருந்தாலும் பாத்துட்டுத் திரும்பி வருவார்னு.”

“எனக்கு யார் சொன்னா? உன்கிட்ட சாவி இருக்குன்னே எனக்குத் தெரியாதும்மா.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு தட்டுங்க தாத்தா, எண் வரும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. தட்டினேன். இந்தப் போனுக்கே வந்தது. சின்னப் புள்ளைல கடைல உட்கார்ந்து இந்த நம்பரைத்தான் போட்டிருக்கான். மாத்திட்டேன். மறுநாளே தானா ஒரு எண் வருது. அதுக்கு மறுநாளும். நான் கேக்கல, எண் வருது. திருடன் விடமாட்டேங்கறான்னு பயந்துட்டேன்.”

ஒட்டடைக்கு இப்போது முழுசாக விளங்கியது. இவள் தட்டத் தட்ட அங்கே அவர் பயந்திருக்கிறார். அவர் பயந்து போய்ப் பார்க்கப் பார்க்க இங்கே இவள் நம்பியிருக்கிறாள். ஒரே கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்றுகொண்டு, இவள் தட்டுவதைத் திருடன் என்று அவரும், அவர் தட்டுவதைப் புருஷன் என்று இவளும் கேட்டிருக்கிறார்கள்.

“அதனால கடை சாத்தறப்ப எல்லாப் பூட்டையும் இழுத்துப் பாக்கற மாதிரி இதையும் போய்ப் பாப்பீங்க” என்றாள் அக்கா. “செவ்வாய்க்கிழமை கடை லீவு. போன் கடைக்குள்ள இருக்கும்.”

“ஆமாம்மா. உள்ள போகமாட்டேன். அடுத்தவங்க வீடு பூட்டியிருக்கான்னு பாக்கலாம், உள்ள நுழையக்கூடாது. திறக்குதா, என் சாவிக்குத்தான் திறக்குதா, அவ்வளவுதான். வந்துடுவேன்.”

தையல்காரி இதுவரை நின்ற இடத்திலேயே நின்றாள். குரல் கீழே போயிருந்தது. “காணாமப் போனவன் பூட்டை மாத்தக்கூடாதுன்னு இப்ப சொன்னீங்களே மாமா.”

பூட்டுக்காரர் கம்பியில் தொங்கிய சாவிகளைப் பார்த்தார்.

“ஒரு வாரத்துல மாத்திட்டீங்க. அப்பவே அவர் போயிட்டார்னு உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்கிட்ட சொல்லல.”

“படகைக் கரைல பாத்தேம்மா. நீ பாக்கல. நான் பாத்தேன்” என்றார் கிழவர். “அந்த எஞ்சின் அறைக் கதவு உள்பக்கமா நசுங்கியிருந்தது. கடல் உள்ள புகுந்து ஆளை வாரிக்கிட்டுப் போயிருக்கு. எனக்குக் கதவைப் பத்தித் தெரியும்.”

அந்தத் தெருவில் கடைசி ஷட்டர் ஒன்று சடசடவென்று இறங்கி அடங்கியது.

அத்தோடு கேஸ் முடிந்தது என்றுதான் ஒட்டடை நினைத்தான். பேய் பிடிபட்டுவிட்டது, முக்காலியில் உட்கார்ந்து அழுகிறது. ஆனால் அக்கா கண்ணாடியை மாட்டவில்லை.

“இன்னும் ஒண்ணு மிச்சமிருக்கு” என்றாள். “பச்சைப் புள்ளி எரியுதுன்னு இவங்க வீட்ல சொன்னாங்களா இல்லையா?”

“சொன்னேன்” என்றாள் தையல்காரி. “முதல் மாசத்துலயே சொன்னேன். எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். அத்தை அழுதாங்க. மத்தவங்க எனக்குப் புத்தி பிசகிப்போச்சுன்னாங்க. மாமா மட்டும் எழுந்து கை கழுவப் போயிட்டார்.”

அக்கா கிழவரிடம் திரும்பினாள். “அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் புள்ளி நீங்கதான். நிறுத்தியிருக்கலாம். இல்லேன்னா உண்மையைச் சொல்லியிருக்கலாம். ரெண்டு மாசமா தினமும் போய்க்கிட்டே இருந்தீங்க. கையெழுத்துப் போடுன்னு எல்லாரும் சொன்னப்ப, நீங்க மட்டும் போடுன்னும் சொல்லல, போடாதேன்னும் சொல்லல. ஏன்?”

பூட்டுக்காரர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். சாவித்தூள் ஏறிப் பளபளத்த கை.

“நிறுத்திப் பாத்தேம்மா” என்றார். “அவ சொன்ன மறுநாள் நான் போகல. ராத்திரி சாப்பாட்டுக்கு வந்தா. முகத்தைப் பாத்தேன். படகு கிடைச்ச அன்னிக்கு இருந்த அதே முகம். இன்னிக்கு அவர் வரலன்னு சொன்னா.” மூச்சை இழுத்துக்கொண்டார். “கடல் ஒரு தடவை கொன்னுச்சு. அன்னிக்குச் சாயந்திரம் கொன்னது நான். மறுநாள் போனேன். அப்புறம் எப்படி நிறுத்தறது? நீங்களே சொல்லுங்க, எந்த நாள்ல நிறுத்தறது?”

அக்கா கையிலிருந்த கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

தையல்காரி மெல்லப் போய் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். இரும்புத்தூள் புடவையில் ஒட்டுமே என்று பார்க்கவில்லை.

“என்ன போட்டிருக்கீங்க மாமா?”

அவர் குனிந்து அவள் காதில் சொன்னார். அவள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் விரல் இடுக்கில் வந்தது.

“என்னக்கா பாஸ்வேர்டு?” என்று ஒட்டடை கிசுகிசுத்தான்.

“அது நம்ம கேஸ் இல்ல” என்று அவன் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்தாள் அக்கா.

அங்கிருந்து பார்த்தபோது கடைக்குள் இரண்டு தலைகள் கீறல் விழுந்த அந்தத் திரையின் வெளிச்சத்தில் சேர்ந்து குனிந்திருந்தன. கிழவர் முதன்முறையாக உள்ளே போயிருக்க வேண்டும். தையல்காரி ஒவ்வொன்றாக வாசித்துக்காட்டினாள். மழை, குடை, மெஷின் பெல்ட். தான் எழுதியதைத் தானே வாசித்தாள், செத்தவனுக்குப் பதிலாக அவன் அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். ‘கோபமா?’ என்ற இடத்தில் நிறுத்தினாள்.

“இல்லம்மா” என்றார் பூட்டுக்காரர். “அவனுக்குக் கோபம் ரெண்டு தெரு தாங்காது. சின்ன வயசுலேருந்தே அப்படித்தான். துறைமுகம் போய்ச் சேர்றதுக்குள்ள மறந்திருப்பான்.”

காற்று வந்தது. வாங்க ஆள் வராத சாவிகள் உரசிக்கொண்டன. ஒட்டடை தோளைக் குறுக்கிக்கொண்டு, “போயிடலாம் அக்கா” என்றான். “பேய் இருக்கறப்பகூட இவ்வளவு குளிரல.”

அடுத்த நாள் காலை துறைமுக ஆபீசில் ஜன்னல்கள் திறந்திருந்தன. கப்பல்களின் சங்கு விட்டுவிட்டு ஊதியது. தன்னோடு வந்து நிற்கச் சொல்லித் தையல்காரி கேட்டிருந்ததால் அக்காவும் ஒட்டடையும் சுவரோரம் நின்றார்கள். தையல்காரி தலை வாரியிருந்தாள், ஆனால் யாருக்காகவும் தயாரானவள்போல் இல்லை. தூங்காத கண்கள். பூட்டுக்காரர் அவளுக்கு ஒரு அடி பின்னால், சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு.

அதிகாரிக்கு இது அன்றைய எத்தனையோ வேலைகளில் ஒன்று. காகிதத்தைத் திருப்பினார். “சாட்சி ஒருத்தர் வேணும். இவர்தானா? இவர் என்ன உறவு?”

“அப்பா” என்றார் கிழவர்.

“யாருக்கு? இறந்தவருக்கா, இந்த அம்மாவுக்கா?”

பூட்டுக்காரர் தையல்காரியைப் பார்த்தார். மூன்று மாதமாக எந்த வாயிலிருந்தும் ‘இறந்தவர்’ என்ற வார்த்தையைக் கேட்க மறுத்த தையல்காரி, இப்போது அதைக் கேட்டுக்கொண்டு நேராக நின்றாள்.

“ரெண்டு பேருக்கும்” என்றாள்.

அதிகாரி பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள்.